மெத்தட் புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள்? கிட்டார் கேள்வி பதில்

சிங்கப்பூரில் கிட்டார் கற்பவர்களும் கற்பிப்பவர்களும் மெத்தட் புத்தகங்களை, அதாவது படிப்படியாகக் கற்றுத்தரும் பயிற்சி நூல்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: ஸ்டீல் தந்தி கிட்டார் வாங்கியிருக்கிறேன். வேலைக்குப் போகிறவன், வகுப்புக்குப் போக நேரம் கிடையாது. புத்தகத்தை வைத்தே கற்கலாம் என்று பிராஸ் பசா பக்கம் போனால், கடையில் அலமாரி நிறைய மெத்தட் புத்தகங்கள். எதை எடுப்பது? (வாசகர், ஈசூன்)

முதலில் உங்கள் கிட்டாரைப் பாருங்கள், பிறகு புத்தகத்தைப் பாருங்கள். நைலான் தந்தி கட்டிய கிளாசிக்கல் கிட்டாரின் கழுத்து, நட் (கழுத்தின் மேல் முனையில் தந்திகள் அமரும் பட்டை) அருகே சுமார் 52 மி.மீ. அகலம். ஸ்டீல் தந்தி கிட்டாரில் அது 43, 44 மி.மீ.தான். கிளாசிக்கல் புத்தகங்கள் அந்த அகலத்தையும், இடது காலைப் பலகையில் உயர்த்தி உட்காருவதையும், நகத்தாலும் விரல் நுனியாலும் மீட்டுவதையும் நம்பி எழுதப்பட்டவை. ஃபிரெடரிக் நோட், கிறிஸ்டஃபர் பார்க்கெனிங் ஆகியோரின் புத்தகங்கள் இந்த வகை. நல்ல புத்தகங்கள்தான். ஆனால் உங்கள் கிட்டாரில் அவற்றைத் தொடங்கினால், படத்தில் இருக்கும் கையும் உங்கள் கையும் கடைசிவரை ஒத்துவராது.

பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) வைத்து வாசிக்கும் கிட்டாருக்கு எழுதப்பட்டவற்றில் மூன்று எளிதில் கண்ணில் படும். ‘ஹால் லெனர்ட் கிட்டார் மெத்தட்’ முதல் தந்தியில் (எல்லாவற்றிலும் மெல்லியது) ஈ, எஃப், ஜி என்று மூன்றே சுரத்தோடு தொடங்கும். இரண்டாம் தந்தியில் பி, சி, டி. மூன்றாம் தந்தியில் ஜி, ஏ. அதற்குப் பிறகு எளிய கார்ட்கள் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வந்துவிடும். பக்கத்துக்கு விஷயம் குறைவு, எழுத்து பெரிது. தனியாகக் கற்பவருக்கு இதுவே போதும் என்பது எங்கள் கருத்து. மெல் பே எழுதிய ‘மாடர்ன் கிட்டார் மெத்தட்’ 1940களின் கடைசியில் வந்தது. ஏழு கிரேடாகப் போகும். பாதை ஏறக்குறைய அதேதான், ஆனால் சுரம் படிப்பதில் இன்னும் கறார். வில்லியம் லெவிட் பெர்க்லி இசைக் கல்லூரிக்காக எழுதிய ‘எ மாடர்ன் மெத்தட் ஃபார் கிட்டார்’ 1966இல் தொடங்கி மூன்று பாகங்களாக வந்தது. இதில் டேப் (எந்தத் தந்தியில் எங்கே அழுத்துவது என்று எண்ணால் காட்டும் முறை) கிடையாது. முதல் சில பக்கங்களிலேயே சுரமும் கார்டும் சேர்ந்து வந்துவிடும். இன்னொரு வாத்தியத்தில் ஏற்கெனவே ஸ்டாஃப் (ஐந்து கோட்டு இசைக்குறி) படித்தவருக்கும் ஆசிரியர் பக்கத்தில் இருப்பவருக்கும் இது பொக்கிஷம். முதல் கிட்டார், முதல் புத்தகம், ஆசிரியரும் இல்லை என்றால் மூன்றாவது வாரத்தில் மூடி வைத்துவிடுவீர்கள்.

கடையில் நின்று புரட்டும்போது நான்கு விஷயம் பாருங்கள். புதிய சுரம் வரும் பக்கத்துக்குப் பிறகு, அந்தச் சுரத்தை மட்டும் பழக எத்தனை வரி தந்திருக்கிறார்கள்? நான்கு வரிக்குக் குறைவு என்றால் உங்களுக்கு வேகம் அதிகம். எல்லாச் சுரத்தின் கீழும் டேப் எண் அச்சாகியிருக்கிறதா? இருந்தால் கண் எண்ணுக்குத்தான் போகும், ஐந்து கோட்டுக்குப் போகாது. ஒலிப்பதிவு உண்டா? தாளம் சரியா என்று சொல்ல ஆளில்லாதவருக்கு அது அவசியம். கடைசியாக, புத்தகம் விரித்து வைத்தால் மூடாமல் நிற்கிறதா? சுருள் கம்பி போட்ட பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

வாங்கிய பிறகு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். மெத்தட் புத்தகத்தின் மதிப்பு அதில் இருக்கும் பாடல்களில் இல்லை, அவை வரும் வரிசையில் இருக்கிறது. இரண்டு புத்தகத்தை மாற்றி மாற்றிப் புரட்டினால் இரண்டு வரிசையும் கெட்டுப்போகும். ஒரு பயிற்சி முடிந்ததா இல்லையா என்பதற்கும் ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள்: மெட்ரோநோமை (சீராகத் தட்டும் தாளக் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, வாய்விட்டு எண்ணிக்கொண்டே, நிற்காமல் வாசிக்க வேண்டும். அதுவும் மறுநாள் புத்தகத்தைத் திறந்ததும் முதல் முயற்சியிலேயே வர வேண்டும். பதினைந்து முறை வாசித்து, பதினாறாவது முறை சரியாக வந்ததும் பக்கத்தைத் திருப்புவதுதான் தனியாகக் கற்பவர்கள் எல்லாரும் செய்வது. பத்துப் பக்கம் தள்ளி அது வெளியே தெரியும்.

கேள்வி: முதல் புத்தகத்தில் முழு சி கார்டிலிருந்து ஜி 7க்கு மாறும் இடத்தில் பல வாரமாக நிற்கிறேன். ஒவ்வொரு முறையும் விரல் தடுமாறுகிறது, விரல் நுனி வலிக்கிறது. விட்டுவிடலாமா என்று தோன்றுகிறது. (வாசகி, தெம்பனிஸ்)

விடவேண்டாம். இந்த மாற்றம் பார்க்கத்தான் பயங்கரம். உங்கள் இடது கையை நிதானமாகப் பாருங்கள்.

சி கார்டில் மோதிர விரல் 5ஆம் தந்தியில் 3ஆம் ஃப்ரெட்டில் (ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) இருக்கிறது. நடுவிரல் 4ஆம் தந்தி, 2ஆம் ஃப்ரெட். ஆட்காட்டி விரல் 2ஆம் தந்தி, 1ஆம் ஃப்ரெட். ஜி 7இல் மோதிர விரல் 6ஆம் தந்தி, 3ஆம் ஃப்ரெட். நடுவிரல் 5ஆம் தந்தி, 2ஆம் ஃப்ரெட். ஆட்காட்டி விரல் முதல் தந்தி, 1ஆம் ஃப்ரெட். கவனித்தீர்களா? எந்த விரலும் ஃப்ரெட் மாறவே இல்லை. மூன்று விரலும் ஒரே ஒரு தந்தி நகர்கின்றன. மோதிர விரலும் நடுவிரலும் தடித்த தந்திப் பக்கம் ஒரு படி, ஆட்காட்டி விரல் மெல்லிய தந்திப் பக்கம் ஒரு படி. கை விரிகிறது, அவ்வளவுதான்.

இதை மூன்றாகப் பிரித்துப் பழகுங்கள். வலது கை சும்மா இருக்கட்டும். முதலில் மோதிர விரலும் நடுவிரலும் மட்டும் ஒரு ஜோடியாக 5, 4ஆம் தந்திகளிலிருந்து 6, 5ஆம் தந்திகளுக்குப் போய் வரட்டும், இருபது முறை. பிறகு ஆட்காட்டி விரல் தனியாக 2ஆம் தந்தியிலிருந்து முதல் தந்திக்கு, இருபது முறை. பல புத்தகங்களில் தொடக்கத்தில் மூன்று தந்தி சி, மூன்று தந்தி ஜி 7 என்று வருவது இந்த ஒற்றை விரல் அசைவுதான். அந்தப் பக்கத்தை அவசரமாகத் தாண்டியவர்கள்தான் பின்னால் இங்கே வந்து நிற்கிறார்கள். திரும்பிப் போய் அதை வாசியுங்கள். மூன்றாவதாக, மூன்று விரலையும் சேர்த்து, தந்தியிலிருந்து அரை செண்டிமீட்டருக்கு மேல் தூக்காமல் மாற்றுங்கள்.

அடுத்து வலது கையைச் சேர்க்கலாம். 60 தட்டில் சி நான்கு எண்ணிக்கை, ஜி 7 நான்கு எண்ணிக்கை. மூன்றாவது எண்ணிக்கை வரை மீட்டுங்கள், நான்காவதில் மீட்டாமல் விரலை மாற்றுங்கள். அடுத்த ஒன்று வரும்போது கார்ட் தயாராக இருக்கும். இது ஒரு வாரம். பிறகு நான்காவதிலும் மீட்டத் தொடங்குங்கள். விரலை வைக்கக் காத்திருந்து தாளத்தை நிறுத்துவதுதான் பெரிய தவறு. கார்ட் அரைகுறையாக ஒலித்தாலும் பரவாயில்லை, ஒன்று என்ற தட்டில் கை இறங்கியே ஆக வேண்டும். விரல்களை ஒவ்வொன்றாக வைக்கும் பழக்கம் இருந்தால் ஆட்காட்டி விரலில் தொடங்காதீர்கள். மீட்டும் கை முதலில் தொடுவது தடித்த தந்தியைத்தான், ஆகவே மோதிர விரல் முதலில் போய்ச் சேர வேண்டும்.

வலியைப் பொறுத்தவரை, முதலில் கிட்டாரைச் சந்தேகப்படுங்கள். 12ஆம் ஃப்ரெட்டின் மேல் விளிம்புக்கும் 6ஆம் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் உள்ள இடைவெளியை மி.மீ. அளவுகோலால் பாருங்கள். ஸ்டீல் தந்தி கிட்டாரில் 2.5 மி.மீ. சுற்றி இருக்கலாம், முதல் தந்தியில் 2 மி.மீ.க்குக் கொஞ்சம் கீழே. 3 மி.மீ.யைத் தாண்டினால் எந்தப் புத்தகமும் உங்களைக் காப்பாற்றாது. அடுத்து, ஒரு தந்தியை 3ஆம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். ஒரு தாள் நுழையும் அளவுதான் இருக்க வேண்டும். அதிகமாக இருந்தால் நட்டில் இருக்கும் பள்ளம் ஆழம் போதவில்லை. முதல் ஃப்ரெட்டில் விரல் வரும் சி, எஃப், ஜி 7 எல்லாமே இதனால்தான் வலிக்கும். கடையில் கொடுத்து ‘செட்டப்’ செய்யச் சொல்லுங்கள்.

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். கிட்டாருக்கு 45 முதல் 55 வரை இருந்தால் நல்லது. ஈரம் ஏறினால் முன்பலகை உப்பி, பிரிட்ஜ் (முன்பலகையில் தந்திகளைக் கட்டும் பட்டை) உயர்ந்து, தந்தியும் உயரும். வாங்கும்போது மெத்தென்று இருந்த கிட்டார் ஆறு மாதத்தில் கல்லாக மாறுவது இதனால்தான். இரவெல்லாம் ஏர்கான், பகலெல்லாம் திறந்த ஜன்னல் என்று இருக்கும் அறையில் சுவரில் மாட்டி வைக்காதீர்கள். பெட்டிக்குள் ஈரப்பதத்தைச் சமன்படுத்தும் பை போட்டு மூடி வையுங்கள். காற்றோட்டமில்லாத வீட்டுப் பாதுகாப்பறையில் பழைய பெட்டிகளோடு கிட்டாரையும் அடுக்கி வைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

கேள்வி: டேப் இருக்கும்போது ஐந்து கோடு எதற்கு? (உயர்நிலை 3 மாணவர், உட்லண்ட்ஸ்)

டேப் எந்தத் தந்தி, எந்த ஃப்ரெட் என்று சொல்லும். எவ்வளவு நேரம் என்று பெரும்பாலும் சொல்லாது. கேட்டுப் பழகிய பாட்டுக்கு அது போதும், கேட்காத பாட்டுக்குப் போதாது. 5ஆம் ஃப்ரெட்டுக்கு மேல் போகும் துண்டுகளில் டேப் உண்மையாகவே உதவும், ஏனெனில் ஒரே சுரம் கிட்டாரில் மூன்று நான்கு இடத்தில் கிடைக்கும். முதல் புத்தகம் முடியும்வரை டேப் வரியை ஒரு தாளால் மறைத்து வாசியுங்கள்.

கேள்வி: பதினைந்து ஆண்டு கர்நாடக இசை கற்றவள். இப்போது மகனோடு சேர்ந்து கிட்டார் மெத்தட் புத்தகம் தொடங்கியிருக்கிறேன். ஸ்டாஃபின் கீழே ச ரி க ம எழுதிக்கொண்டால் வேகமாகப் படிக்க முடிகிறது. இது சரியா? (வாசகி, செங்காங்)

வேகமாகப் படிக்க முடிவது உண்மை. ஆனால் நீங்கள் படிப்பது ஸ்டாஃபை இல்லை, நீங்களே எழுதியதை. புத்தகத்தின் முதல் பாதி பெரும்பாலும் சி மேஜரில் இருக்கும், அதாவது சி என்பதை ஷட்ஜமாக வைத்த சங்கராபரணம். அதுவரை ச, ரி, க எல்லாம் பொருந்தும். ஜி மேஜர் வரும்போது ஷட்ஜம் ஜிக்குப் போய்விடும். எஃப் ஷார்ப் வரும். நேற்றுவரை மத்தியமம் என்று எழுதிய எஃப் இன்று நிஷாதமாகி, அரை சுரம் ஏறியும் நிற்கும். எழுதியது எல்லாம் குழம்பும். ஸ்டாஃபில் ஒரு கோட்டுக்கு ஒரு பெயர், அது மாறவே மாறாது. ஷார்ப், ஃபிளாட் குறி வராதவரை சுருதியும் மாறாது. நான்காவது இடைவெளியில் இருக்கும் ஈ எந்த ஸ்கேலிலும் திறந்த முதல் தந்திதான்.

அதனால் பென்சிலை வைத்துவிட்டு, உங்கள் சுர ஞானத்தைக் காதில் மட்டும் பயன்படுத்துங்கள். ஒரு வரியை வாசிப்பதற்கு முன்பு சுரமாகப் பாடிவிடுங்கள். ஏ மைனரின் இயல்பான ஸ்கேல் வரும்போது அது நடபைரவி, ஹார்மானிக் மைனர் வரும்போது அது கீரவாணி என்று உங்களுக்கு ஒரு நொடியில் புரியும். மற்றவர்களுக்கு அதைக் காதில் ஏற்ற மாதக்கணக்கில் ஆகும்.

தாளத்தில் உங்களுக்கு இன்னும் பெரிய வசதி. ஒரு தட்டுக்கு ஒரு சுரம் என்பது கால் நோட். தட்டுக்கு இரண்டு என்றால் ‘தக’, மூன்று என்றால் ‘தகிட’, நான்கு என்றால் ‘தகதிமி’. கற்பவர்கள் எல்லாரும் விழும் இடம் புள்ளி வைத்த கால் நோட்டும் அதைத் தொடரும் எட்டாம் நோட்டும். இரண்டு தட்டுக்கு ஒரு தகதிமி சொல்லுங்கள். ‘த’வில் முதல் சுரத்தை மீட்டி, ‘க’, ‘தி’ வரை ஒலிக்க விட்டு, ‘மி’யில் அடுத்த சுரத்தை மீட்டுங்கள். மகனுக்கும் இப்படியே சொல்லிக் கொடுங்கள், ‘ஒன் அண்ட் டூ அண்ட்’ என்பதைவிட அவனுக்கு எளிதாக இருக்கும். சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடியதுபோல, புத்தகத்தின் ஸ்கேல் பயிற்சிகளை மெட்ரோநோம் 50இல் வைத்து தட்டுக்கு ஒன்று, இரண்டு, நான்கு என்று வாசிக்கலாம். மெத்தட் புத்தகம் இதைக் கேட்பதில்லை. ஆனால் பிக்கை மேலும் கீழும் மாற்றி மீட்டப் பழக இதைவிட நல்ல வழி கிடையாது.

ஒரு சின்ன எச்சரிக்கை: கிட்டார், எழுதியிருப்பதைவிட ஒரு ஸ்தாயி கீழேதான் ஒலிக்கும். மகன் கீபோர்டில் அதே வரியை வாசித்து ஒப்பிட்டால் குழப்பம் வரும்.

கேள்வி: சமூக மன்றத்தில் பெரியவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கிறேன். எட்டுப் பேர். ஒரே புத்தகத்தைக் கொடுத்தேன். இரண்டு பேர் ஓடுகிறார்கள், மூன்று பேர் நின்றுவிட்டார்கள். புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு சினிமாப் பாட்டு கார்ட் மட்டும் சொல்லிக் கொடுக்கலாமா? (ஆசிரியர், ஜூரோங் வெஸ்ட்)

புத்தகம் இருக்கட்டும். பக்கக் கணக்கில் வீட்டுப்பாடம் கொடுப்பதை நிறுத்துங்கள். ‘அடுத்த வாரத்துக்கு 12, 13ஆம் பக்கம்’ என்றால் ஓடுகிறவர் பத்து நிமிடத்தில் முடிப்பார், நிற்கிறவர் திறக்கவே மாட்டார். ‘இந்தப் பயிற்சியில் முதல் 8 பார் (தாளக் கட்டம்), 66 தட்டில்’ என்று அவரவர் புத்தகத்தில் பென்சிலால் தேதியோடு எழுதிக் கொடுங்கள். முந்திப் போகிறவருக்கு அதே 8 பார், 92 தட்டில், அல்லது கீழ்க்குரல் பகுதி. எல்லாரும் ஒரே பக்கத்தில் இருப்பார்கள், ஆனால் ஒரே வேலையைச் செய்ய மாட்டார்கள்.

மெத்தட் புத்தகங்களில் பரவலாக இருக்கும் குறை ஒன்று உண்டு. ஒரே பக்கத்தில் இரண்டு புதிய விஷயத்தைக் கொண்டுவந்து விடுவார்கள்: புதிய தந்தியும் புதிய தாளமும், அல்லது புதிய கார்டும் புதிய மீட்டும் முறையும். குழு வகுப்பு உடைவது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். பருவம் தொடங்கும் முன் புத்தகத்தை நீங்கள் ஒருமுறை முழுதாக வாசித்து, அந்தப் பக்கங்களில் எல்லாம் ஒரு குறி போடுங்கள். எட்டாம் நோட் முதலில் வரும் பக்கம், தந்தி தாண்டும் பக்கம், ஐந்து கோட்டுக்குக் கீழே துணைக்கோடு போட்ட 5, 6ஆம் தந்திச் சுரங்கள், புள்ளி வைத்த நோட், எஃப் கார்ட். இவற்றை இரண்டு வாரமாகப் பிரியுங்கள். முதல் வாரம் புதிய தாளம், ஆனால் பழகிய சுரங்களில். அடுத்த வாரம் புதிய சுரம், பழகிய தாளத்தில். இடையில் தேவைப்படும் நான்கைந்து வரியை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

வகுப்பு நேரத்தை இப்படி வைத்துப் பாருங்கள். முதல் 5 நிமிடம் சுருதி சேர்ப்பது, ஆளுக்கொரு கிளிப் ட்யூனர் இருந்தால்தான் இது நடக்கும். இல்லாவிட்டால் கால் மணி நேரம் போய்விடும். அடுத்த 10 நிமிடம் போன வாரத்துப் பயிற்சி. ஒருவர் 4 பார் வாசிக்க, மற்றவர்கள் தாளம் தட்டி எண்ண வேண்டும். யாரும் சும்மா உட்காரக் கூடாது. பிறகு 20 நிமிடம் புதிய விஷயம். கிட்டாரைத் தொடுவதற்கு முன்பு தட்டி எண்ணுவது, சுரத்தின் பெயரைத் தாளத்தில் சொல்வது, இடது கை மட்டும் ஓசையில்லாமல் போய் வருவது, கடைசியாக வாசிப்பது. இந்த வரிசையைக் குலைக்காதீர்கள். நேரடியாக வாசிக்கச் சொன்னால் எட்டுப் பேரும் எட்டு வேகத்தில் வாசிப்பார்கள், யார் தவறு என்று உங்களுக்கும் கேட்காது. மிச்ச நேரம் இரண்டு பிரிவாக, ஒரு பிரிவு மெலடி, இன்னொன்று கார்ட், பிறகு மாற்றி. நீங்கள் கீழே பேஸ் சுரம் மட்டும் மீட்டித் தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சினிமாப் பாட்டையும் ஒதுக்க வேண்டாம். புத்தகத்தில் இருக்கும் மெட்டுகள் மேற்கத்திய நாட்டுப்பாடல்கள். நம் மாணவர்கள் பலர் அவற்றைக் கேட்டதே இல்லை, அதனால் தவறினால் காது சொல்லாது. தெரிந்த பாட்டென்றால் காது சொல்லும், ஆனால் கண் படிக்காது. ஆக, படிக்கும் பயிற்சிக்குப் புத்தகம், கார்ட் மாற்றத்துக்கும் நாதத்துக்கும் தெரிந்த பாட்டு. அன்றைய பாடத்தில் இருக்கும் கார்ட்களுக்குள் அடங்கும் பாட்டாகத் தேர்ந்தெடுங்கள். நம் பாட்டுகளில் நிறைய 6/8இல் நடக்கும், புத்தகம் 6/8க்கு வரத் தாமதமாகும். ‘தகிட தகிட’ என்று சொல்லி அதை முன்பே அறிமுகம் செய்யலாம், அதில் தவறில்லை.

நின்றுவிட்ட மூவரிடம் ஒரு சோதனை செய்து பாருங்கள். சுரத்தின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். ‘மூன்று’, ‘ஒன்று’ என்று எண் சொன்னால், அவர்கள் சுரத்துக்குப் பக்கத்தில் அச்சான விரல் எண்ணைப் படிக்கிறார்கள். முதல் நான்கு ஃப்ரெட்டுக்குள் விரல் எண்ணும் ஃப்ரெட் எண்ணும் ஒன்றாக இருப்பதால் இந்தத் தவறு மறைந்தே இருக்கும். கை இரண்டாம் ஃப்ரெட்டுக்கு நகரும் பாடம் வந்ததும் எல்லாம் சரியும். அந்த எண்களை வெள்ளைத் திரவத்தால் அழித்து, ஐந்து பக்கம் பின்னால் போய்த் தொடங்குங்கள். லெவிட் தம் புத்தகத்தில் ‘ரீடிங் ஸ்டடி’ என்று சில பயிற்சிகள் தந்து, அவற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து மனப்பாடமாக்க வேண்டாம் என்கிறார். அந்த யோசனை எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். தினமும் புதிதாக ஒரு வரி, ஒரே முறை, மெதுவாக.

கேள்வி: மகள் தொடக்கநிலை 3. கிட்டார் வகுப்பில் சேர்த்த ஆறாம் மாதமே ஏபிஆர்எஸ்எம் (பிரிட்டிஷ் இசைத் தேர்வு அமைப்பு) கிரேடு 1 பாட்டுகளைக் கொடுத்துவிட்டார்கள், மெத்தட் புத்தகத்தை மூடிவிட்டார்கள். இது வழக்கமா? (தாயார், பொங்கோல்)

பரவலாக நடக்கிறது, நல்லதல்ல. தேர்வுப் புத்தகம் அளக்கும் கருவி. கற்பிக்கும் வரிசை அதில் கிடையாது. மூன்று பாட்டை எட்டு மாதம் வாசித்த குழந்தை அந்த மூன்றை மட்டும் வாசிக்கும்.

மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். வழக்கமான செய்முறைத் தேர்வில் மொத்தம் 150, தேர்ச்சிக்கு 100. மூன்று பாட்டுக்கும் தலா 30. ஸ்கேல்களுக்கு 21, பார்த்தவுடன் வாசிப்பதற்கு 21, செவிப்பயிற்சிக்கு 18. மூன்று பாட்டையும் குறையே இல்லாமல் வாசித்தாலும் 90தான், தேர்ச்சி இல்லை. மெத்தட் புத்தகம் வளர்ப்பது மிச்சமிருக்கும் 60ஐ. ‘பெர்ஃபார்மன்ஸ் கிரேடு’ என்ற வகையில் நான்கு பாட்டும் ஒட்டுமொத்த வாசிப்பும்தான் பார்க்கப்படும், ஆனால் அதையே எடுத்துக்கொண்டு போனால் ஸ்டாஃப் படிக்கத் தெரியாமலே மேல் கிரேடுகளுக்கு வந்து நிற்பாள். கிரேடு 6க்கு முன்னால் கிரேடு 5 தியரியும் கேட்பார்கள்.

ஆசிரியரிடம் இப்படிக் கேளுங்கள்: பயிற்சி நேரத்தில் பாதி மெத்தட் புத்தகத்துக்குத் தர முடியுமா, முதல் புத்தகம் முடிந்த பிறகு தேர்வு வைத்துக்கொள்ளலாமா? நல்ல ஆசிரியர் மறுக்க மாட்டார். தொடக்கநிலை 6இன் இரண்டாம் பாதியில் பிஎஸ்எல்இ (தொடக்கப் பள்ளி இறுதித் தேர்வு) நெருக்கும்போது புதிய புத்தகமோ புதிய கிரேடோ தொடங்காதபடி இப்போதே கணக்குப் போட்டுவிடுங்கள்.

கிட்டாரின் அளவையும் சரிபாருங்கள். முழு அளவில் நட்டிலிருந்து பிரிட்ஜ்வரை தந்தியின் நீளம் 65 செ.மீ. முக்கால் அளவில் 58 செ.மீ. அருகே. உட்கார்ந்து, தோளைத் தூக்காமல், 6ஆம் தந்தியில் முதல் நான்கு ஃப்ரெட்டிலும் நான்கு விரலை வைக்க முடிந்தால் அளவு சரி. மணிக்கட்டு கூர்மையாக மடிந்தால் சின்ன கிட்டார் வேண்டும். ‘வளர்ந்துவிடுவாள்’ என்று முழு அளவு வாங்குவதால்தான் பல குழந்தைகளின் புத்தகம் பத்தாம் பக்கத்தில் நின்றுபோகிறது.

கேள்வி: மகன் பள்ளியில் கிட்டார் குழு இணைப்பாட நடவடிக்கையில் இருக்கிறான். அங்கே விரலால் மீட்டுகிறார்கள். வீட்டில் இருப்பது பிக் புத்தகம். வேறு வாங்கவா? (தந்தை, பிடோக்)

உடனே தேவையில்லை. சுரம் படிக்கும் பக்கங்களை ஆட்காட்டி விரல், நடுவிரல் மாறி மாறி வைத்து வாசிக்கட்டும். ஒரே விரல் இரண்டு முறை தொடர்ந்து வரக் கூடாது என்பதை மட்டும் கண்காணியுங்கள். மீட்டிய விரல் அடுத்த தந்தியில் சாய்ந்து நிற்கும் ‘ரெஸ்ட் ஸ்ட்ரோக்’ குழுவில் அதிகம் வரும், அது பிக் புத்தகத்தில் இருக்காது. பயிற்றுநர் சொல்லும் முறைதான் அதில் முடிவு.

கேள்வி: மாணவர்களுக்குப் புத்தகத்தை நகலெடுத்துக் கொடுக்கலாமா? இலவசமாகக் கிடைக்கும் பழைய நூல்கள் பயன்படுமா? (ஆசிரியை, அங் மோ கியோ)

முழுப் புத்தகத்தை நகலெடுக்கக் கூடாது. இங்கே பதிப்புரிமைச் சட்டம் 2021, நூலாசிரியரின் ஆயுளும் அதற்குப் பின் 70 ஆண்டும் பாதுகாப்புத் தருகிறது. வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டுமென்றால் பொது நூலகத்தில் இரவல் வாங்கிப் பாருங்கள். பழைய புத்தகக் கடையில் வாங்கினால் குறுந்தட்டு இருக்கிறதா, இணைய ஒலிப்பதிவுக்கான குறியீடு ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டதா என்று கேளுங்கள்.

கருல்லி, கர்காஸ்ஸி, ஜூலியானி, சோர் போன்ற 19ஆம் நூற்றாண்டுக் கலைஞர்களின் நூல்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அவற்றின் பழைய அச்சுப் பிரதிகளைத் தரவிறக்கிக் கொள்ளலாம். அண்மையில் ஒருவர் விரல் குறிகள் சேர்த்துத் திருத்திய பதிப்பு வேறு, அதற்குத் தனி உரிமை உண்டு. ஜூலியானியின் ஓபஸ் 1 (ஓபஸ் என்பது படைப்பு எண்), 1812இல் வந்தது. அதில் வலது கைக்கு 120 பயிற்சி. இடது கை பிடிப்பது முழுக்க சி, ஜி 7 என்ற இரண்டே கார்ட்தான். நைலான் தந்தி மாணவர்களுக்கு வாரம் இரண்டு பயிற்சி கொடுங்கள், அற்புதமாகப் பலன் தரும். கர்காஸ்ஸியின் ஓபஸ் 59 மெத்தடை ஆசிரியர் இல்லாமல் கொடுக்காதீர்கள். படிகள் உயரம். மேலும் அக்கால நூல்கள் சில, வலது சுண்டு விரலைப் பலகையில் ஊன்றச் சொல்லும். இன்று அப்படிக் கற்பிப்பதில்லை.

கேள்வி: வேலை முடிந்து வீடு வர இரவு பத்து ஆகிறது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அதற்கு மேல் எப்படிப் பயிற்சி செய்வது? (வாசகர், தோ பாயோ)

இரவு நேரத்தில் அமைதி காக்கும்படி வீவக கேட்டுக்கொள்கிறது. பிரிட்ஜுக்கு ஒட்டி, தந்திகளுக்கு அடியில் மடித்த துணியையோ பாத்திரம் கழுவும் மெல்லிய ஸ்பாஞ்சையோ செருகுங்கள். சுரம் கேட்கும், ஒலி அடுத்த அறைக்குப் போகாது. கார்ட் மாற்றம், தந்தி தாண்டுதல், ஸ்கேல், புதிய பக்கத்தைப் படிப்பது எல்லாவற்றுக்கும் இது போதும். மெட்ரோநோமைக் காதொலிப்பானில் கேளுங்கள். ஒன்று மட்டும் இதில் நடக்காது: தந்தி சுத்தமாக ஒலிக்கிறதா, பக்கத்துத் தந்தியை விரல் தடுக்கிறதா என்று துணி இருக்கும்போது தெரியாது. வாரக் கடைசியில் பகலில் துணியை எடுத்துவிட்டு, அந்த வாரம் பழகிய கார்ட்களை ஒவ்வொரு தந்தியாக மீட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.